ஓதம் ஏறிய சுவர்

ஈரத் துண்டைக் கதவின்மேல் போடும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று தெரியாது. இருந்தால் விட்டுவிடுங்கள். கதவு ஊறும், சட்டம் உப்பும், பக்கத்துச் சுவர் கறுக்கும். சின்ன வீட்டில் இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பெரிய வீட்டில் ஈரம் போய் ஒதுங்க இடம் இருக்கும். சின்ன வீட்டில் அது மனிதர்கள்மேல்தான் வந்து உட்காரும்.

உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து சொல் என்றீர்கள். சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதலாம், எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் ராஜவேல். வயது நாற்பத்தாறு. ஐ.டி.ஐ.யில் சிவில் படித்தவன். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டட வேலையில் சூப்பர்வைசர். வெள்ளை டவுனில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடுகளில் ஓதம் கண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுவர் குடிக்கும் ஈரத்துக்குத்தான் ஓதம் என்று பெயர். தரையிலிருந்து ஏறும், கூரையிலிருந்து இறங்கும், காற்றிலிருந்தும் ஒட்டும். மதாம் ஓதெத் என்று ஒரு பெரியம்மா, பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறவர். அவர் வீட்டு மாடிப்படிச் சுவர் எட்டு வருஷமாக உரிந்துகொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் கிழக்கு மூலையைக் காட்டி, இங்கே உடையுங்கள் என்றேன். உள்ளே பழைய மழைநீர்க் குழாய் ஒன்று செத்துக் கிடந்தது. "மூணு இஞ்சினீரு வந்து பாத்தாங்க. இவன் மூக்காலயே கண்டுபுடிச்சிட்டான்," என்று அந்தம்மா தெருவெல்லாம் சொன்னார். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

கருவடிக்குப்பத்தில் எனக்கு ஒரு சென்ட் சொச்சம் மனை. 2003 தை மாதம் அதில் வீடு கட்டிக் குடிபோனோம். பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ஹால், சமையல் செய்ய ஒரு இடம், ஒரு பாத்ரூம். அவ்வளவுதான். ஆனால் ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் வைத்தேன். நான்கு சுவரிலும் மேலே வெண்டிலேட்டர். சூடான காற்று மேலே போய் வெளியேற வேண்டும், கீழிருந்து புதுக்காற்று வர வேண்டும். மழைக்காலத்தில்கூட எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் உப்பு பொலபொலவென்று இருக்கும். நானும் என் மனைவி அஞ்சலாட்சியும் மட்டும்தான். குழந்தை இல்லை. இரண்டு பேர் மூச்சு விடுவதற்கென்று அளவெடுத்துக் கட்டிய வீடு அது.

அண்ணன் 2004 ஜூனில் வந்தார்.

அவர் பெயர் சின்னக்கண்ணு. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அப்பா செத்தபோது எனக்கு ஐந்து வயது. அண்ணன் பதினாறு வயதில் பஞ்சாலைக்குப் போனார். முப்பத்தெட்டு வருஷம் அங்கே நின்றார். அவர் நின்றதால்தான் நான் படித்தேன், இதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. பஞ்சுத் தூசி அவர் நெஞ்சுக்குள் போய் அடைத்துவிட்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். அண்ணி இறந்த பிறகு நெல்லித்தோப்பில் வாடகை அறையில் தனியாகக் கிடந்தார். அஞ்சலாட்சிதான் சொன்னாள்.

"மாமாவ இங்கயே கூட்டியாந்துடுங்க. அங்க ஒரு வாய் கஞ்சிக்கு ஆளில்ல."

நான் மறுக்கவில்லை. நானே போய், அவருடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி, பஸ் ஏற்றிக் கூட்டிவந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாலில் மேற்குச் சுவர் ஓரமாக அவருக்குப் பாய் போட்டோம். ஒரு வாரத்திலேயே வீட்டின் வாசனை மாறிவிட்டது. ஊறப்போட்டு மறந்துபோன துணியிலிருந்து வருமே, அந்த வாசனை. காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமுவார். சாம்பல் போட்ட ஒரு டப்பாவில் துப்புவார். மஞ்சளாக, கயிறு மாதிரி இழுபடும். டப்பாவை மூடித்தான் வைப்பார், ஆனால் மூடியின் விளிம்பில் கொஞ்சம் ஒட்டிக் காய்ந்திருக்கும். அவர் குடித்த டம்ளரில் உதடு பட்ட இடம் மங்கலாகத் தெரியும். வாயைத் திறந்தபடிதான் தூங்குவார், தலையணையில் எச்சில் வட்டம் வட்டமாகப் படிந்திருக்கும். வேர்வையில் ஊறிய பனியனைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவார். தினமும் இரண்டு வேளை பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, தைலம் விட்டு, போர்வைக்குள் ஆவி பிடிப்பார். போர்வையை விலக்கும்போது அந்த ஆவி, அவர் நெஞ்சுக்குள் போய்வந்த ஆவி, ஹால் முழுக்கப் பரவும். கண்ணாடியில் படியும். என் தட்டில் படியும். சோற்றில் கை வைத்தால் அவருக்குள் கை வைத்த மாதிரி இருக்கும்.

நான் முகம் சுளித்ததில்லை. எதையும் கணக்காகப் பார்ப்பது என் வழக்கம். தூங்குகிற மனிதன் மூச்சிலும் வேர்வையிலுமாகக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் விடுகிறான். பகலுக்கும் சேர்த்தால் ஒரு லிட்டர். அவருடைய ஆவி, ஈரத்துணி, அடிக்கடி போடும் வெந்நீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். மாதம் ஆறு குடம். ஆறு குடம் தண்ணீரை மாதாமாதம் அண்ணன் என் வீட்டுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் மேற்குச் சுவரில் கறை வந்தது. முதலில் உள்ளங்கை அளவு. அப்புறம் தாம்பாளம் அளவு. பெயிண்ட் கொப்பளித்தது. விரலால் அழுத்தினால் மேல்தோல் உடைந்து உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சை, பொட்டுப் பொட்டாக.

நான் ஒரு சோதனை செய்தேன். மூன்று தட்டில் கல்லுப்பு கொட்டி, ஒன்றைச் சமையல் மேடையிலும், ஒன்றை வாசல் பக்கமும், ஒன்றை அண்ணன் தலைமாட்டிலும் வைத்தேன். காலையில் பார்த்தால் முதல் இரண்டும் உலர்ந்தே இருந்தன. அண்ணன் தலைமாட்டில் இருந்த தட்டில் உப்பு கசிந்து தண்ணீராக நின்றது. அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பைப்பு கிய்ப்பு ஒழுவுதா பாருங்களேன்," என்றாள்.

வீட்டுப் பைப் வேலை முழுக்க நானே செய்தது. பிளம்பர்களை நான் நம்புவதில்லை. அதனால் போய்ப் பார்க்கவில்லை.

அண்ணனுக்குத் தனியாக ஒரு அறை கட்டித் தருகிறேன் என்று நான் சொன்னபோது அவர் கண் கலங்கினார். வீட்டின் வடக்குப் பக்கம், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், ஒரு சந்து இருந்தது. நாலரை அடி அகலம், எட்டடி நீளம். வெயில் அங்கே எந்த மாதத்திலும் விழாது. துணி துவைக்கும் கல் அதற்கு மேட்டுப்பக்கம். துவைத்த தண்ணீர் அந்தச் சந்து வழியாகத்தான் ஓடும். 2005 மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தேன். ஆள் வைக்கவில்லை. அண்ணன்தான் எனக்குச் சித்தாள். மணல் சலித்தார், கலவை குழைத்தார். சட்டி தூக்கும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார், சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்.

மணல் கடற்கரையிலிருந்து கொண்டுவந்தது. உப்பு மணலில் பூசிய சுவர் ஆயுளுக்கும் காயாது, காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக் குடிக்கும். அந்தத் தப்பைச் செய்த இரண்டு மேஸ்திரிகளை நான் வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறேன். தரையை வெளிமட்டத்தைவிட நாலு விரல் தாழ்த்திப் போட்டேன். அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் தார்ப்பூச்சு இல்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கதவுக்கு மட்டமான மாமரப் பலகை, பெயிண்ட் அடிக்காமல் விட்டேன்.

"இங்க ஒரு ஜன்னல் வெச்சா காத்து வரும் இல்ல தம்பி?" என்று அண்ணன் சுவரில் கை வைத்துக் காட்டினார்.

"மழ சாரல் உள்ள அடிக்கும்ணே. மேல வெண்டிலேட்டர் வைக்கிறேன், அது போதும்."

வெண்டிலேட்டர் வைத்தேன். ஓட்டை ஓட்டையாகப் பூப்போட்ட சிமென்ட் ஜாலி, அழகானது. உள்ளிருந்து பார்த்தால் ஜாலி தெரியும். அதற்குப் பின்னால் அரைக்கல் சுவர் எழுப்பி மூடிவிட்டேன். ஷீட்டின் நிழல் விழுவதால் இருட்டாகத்தான் இருக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் அதை நம்பினார். பார்க்க வந்த மில் சிநேகிதர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். "எனக்குன்னு தனி ரூமு. வெண்டிலேட்டர்லாம் வெச்சி என் தம்பி அவன் கையாலயே கட்னான்." அவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

வேண்டுமென்றே செய்தாயா என்று நேற்று கேட்டீர்கள். அந்த அறையில் தெரியாமல் செய்தது எதுவும் இல்லை. ஆனால் அப்போது அவர் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. அந்த அறை பிடிக்காமல் அவரே வேறு எங்கேயாவது போய்விடுவார் என்று நினைத்தேன். அவரைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளர்த்தவரிடம் அப்படிச் சொல்லும் ஆள் இல்லை நான்.

கோடையில் பரவாயில்லை. ஹாலில் கறை மட்டும் போகவில்லை, அண்ணனுடைய மூச்சு இன்னும் இந்த மனைக்குள்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷ மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பதினைந்து நாளில் அறையின் உட்புறம் ஆள் உயரத்துக்குக் கறுத்துவிட்டது. ஷீட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்துச் சொட்டியது. பாயைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்த மாதிரி பூஞ்சை. டிரங்குப் பெட்டியில் அண்ணியின் கல்யாணப் புடவை வைத்திருந்தார். அதை எடுத்து உதறினார், மடிப்பு மடிப்பாகப் பச்சை பூத்திருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார். என்னால் அந்த அறை வாசலில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவேன். அவர் அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்.

போகவும் இல்லை, குறைசொல்லவும் இல்லை.

நான் வேலைக்குப் போன பிறகு அஞ்சலாட்சி அவரை ஹாலுக்குள் கூப்பிட்டுப் படுக்கவைப்பதைக் கொஞ்ச நாளில் கண்டுபிடித்தேன். பாய் விரித்த தடம் தரையில் ஈரமாக இருந்தது. அவளிடம் சண்டை போடவில்லை. அண்ணனிடம் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காதண்ணே. நீ உள்ள வந்து படுக்கறது அஞ்சலாட்சிக்குச் சங்கடமா இருக்குதாம். வாசனைக்கு அவளால சாப்ட முடியல. உங்கிட்ட சொல்ல முடியாம எங்கிட்ட அழுவுறா."

அண்ணன் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். அப்புறம், "நானா புரிஞ்சிருக்கணும். பொம்பளப் புள்ள, பாவம்," என்றார்.

மறுநாளிலிருந்து அவள் எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. "எனக்கு இங்கயே வசதியா இருக்குதும்மா," என்றுவிட்டார். அவள் கொண்டுபோகும் சாப்பாட்டைக்கூட வாசற்படியில் வைக்கச் சொல்லி, அவள் போன பிறகு எடுத்துக்கொண்டார். மாமாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று அவள் என்னைக் கேட்டாள். வயதானால் அப்படித்தான் என்றேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார். பெரிய வார்டு, உயரமான கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல். நான்காம் நாளே எழுந்து நடந்தார். பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். முகத்தில் ரத்தம் ஊறியது. அனுப்பும்போது ஒரு சின்ன வயது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இவரு படுக்கற ரூம்ல காத்து வருதா? செவுத்துல பூஞ்சை, ஈரம் ஏதாவது இருக்கா? இருந்தா அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. இவரு நுரையீரல் தாங்காது."

"நான் கட்டடக்காரன்ங்க மேடம். அதெல்லாம் பாத்துதான் கட்டியிருக்கேன்."

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. நல்லது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த டாக்டரம்மாமேல் எந்தத் தப்பும் இல்லை. எனக்கும் அன்றைக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அந்த அறையில் விட்டால் அண்ணன் இருக்க மாட்டார், வெளியில் விட்டால் இன்னும் பத்து வருஷம் இருப்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து அழைத்துவந்தேன். வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கினார், சின்னப் பையன் மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அதே அறையில், அதே பாயில் படுக்கவைத்தேன். என்றைக்கு முடிவு செய்தாய் என்று கேட்டீர்களே, அது அந்த பஸ்ஸில்தான்.

ஒரு வாரம் கழித்து, காலையில் காம்பவுண்டு பக்கம் பல் விளக்கப் போனேன். அந்த அறையின் வெளிச்சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு ஓட்டை. எலி வளை அளவுதான். கீழே கலவைத் தூள் கொட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே, ஓட்டையை அடைத்துக்கொண்டு, அவருடைய உதடுகள் தெரிந்தன. வெளுத்து, வெடித்து, ஓரத்தில் நுரையோடு. உள்ளே இழுத்தன, வெளியே விட்டன. என் முகத்தில் அந்தச் சூடான மூச்சு பட்டது. பல்பொடி வாயோடு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். இந்த உலகத்தில் நான் பார்த்ததில் அதைப் போல அருவருப்பானது வேறில்லை.

மில்லிலிருந்து கொண்டுவந்த, நூல் சுற்றும் கூரான ஒரு இரும்புக் கதிர் அவரிடம் இருந்தது. படுத்தபடியே அதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்திருக்கிறார்.

அவர் பாத்ரூமுக்கு எழுந்து போனபோது ஒரு சட்டி கலவை போட்டு ஓட்டையை அடைத்தேன். கல் சில்லு வைத்து இறுக்கினேன். சிமென்ட் வேலை எதுவானாலும் தண்ணீர் காட்டினால்தான் இறுகும், எனவே மூன்று நாள் காலையும் மாலையும் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தேன். அடைத்த அன்று மத்தியானம் அவர் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மன்னிச்சிக்க தம்பி. உன் செவுத்தக் கெடுத்துட்டேன்."

"பரவால்லண்ணே. பூசிட்டேன்."

"கோவமா?"

"இல்லண்ணே."

கோபம் இல்லை என்பது உண்மை.

டிசம்பர் பதினொன்றாம் தேதி. அஞ்சலாட்சி அக்கா வீட்டுக்கு வில்லியனூர் போயிருந்தாள். மழையால் எனக்கு வேலை இல்லை. காலை பதினொரு மணி இருக்கும். ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மூச்சை இழுக்கும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. ரம்பம் போடுவது மாதிரி. அப்புறம் கதவைத் தள்ளும் சத்தம்.

அந்த மாமரக் கதவு நன்றாக ஊறி உப்பியிருந்தது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளிருந்து தள்ள, தெம்புள்ள ஆளாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து அடிப்பக்கம் ஒரு உதை கொடுத்து, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால் வந்துவிடும். பல வீடுகளில் அப்படி நான் திறந்து கொடுத்திருக்கிறேன்.

குடை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்றேன்.

"தம்பி," என்றார். "கதவு... இழு."

கைப்பிடியில் கையை வைத்தேன். ஈரமாக, வழவழவென்று இருந்தது. கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டேன். பூட்டவில்லை, நாதாங்கி போடவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள், ஏனென்றால் பூட்டியதாக அஞ்சலாட்சி சொல்லியிருக்கிறாள். நான் நின்றேன், அவ்வளவுதான். அவர் இன்னும் இரண்டு தடவை தம்பி என்றார். மூன்றாவது தடவை அது வார்த்தையாக வரவில்லை. ஷீட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கதவில் நகம் பட்ட சத்தம் கொஞ்ச நேரம் கீழ்ப்பக்கமாகக் கேட்டது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

இருபது நிமிஷம் நின்றிருப்பேன். உள்ளே வந்து காலைத் துடைத்துக்கொண்டு, நேராக மேற்குச் சுவரிடம் போய்க் கறைமேல் கை வைத்துப் பார்த்தேன். ஈரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

எல்லாம் முறையாகத்தான் நடந்தது. முப்பத்தெட்டு வருஷம் பஞ்சாலையில் இருந்தவர், போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் இருந்தவர். யாரும் எதுவும் கேட்கவில்லை. மில்காரர்கள் மாலை போட்டார்கள். கடைசிக் காலத்தில் தம்பி ராஜா மாதிரி வைத்துக்கொண்டான் என்று பேசினார்கள். கொள்ளி நான்தான் வைத்தேன்.

அறையைப் பூட்டி வைத்தேன். ஹாலுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தை பிறந்தது, வெயில் வந்தது, பனி விட்டது. ஜாடியில் கட்டிதட்டியிருந்த உப்பும் சரியாகிவிட்டது. ஆனால் மேற்குச் சுவரில் கறை திரும்பவும் வந்தது. போன வருஷத்தைவிடப் பெரிதாக, பாய் அகலத்துக்கு.

அண்ணன் விட்டுப்போன ஈரம் சுவரின் உள்ளே இருக்கிறது, ஒரு கோடை போனால் காய்ந்துவிடும் என்று அஞ்சலாட்சியிடம் விளக்கினேன். அவள் கேட்கவில்லை. போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது அம்மாவாசை என்கிற கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரை உடைக்கச் சொல்லிவிட்டாள். நான் திரும்பி வரும்போது ஹாலெல்லாம் இடிபாடு. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பாத்ரூம். மேலே தொட்டியிலிருந்து வரும் பைப் சுவருக்குள் திரும்பும் இடத்தில், எல்போவிலிருந்து, நூல் மாதிரி தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. செங்கல் சேறாகியிருந்தது.

அம்மாவாசை எல்போவைக் கழற்றி விரலால் துடைத்துப் பார்த்தான்.

"பசை பாதி சுத்துதான் தடவிக்கீது. மீதிப் பாதிக்குத் தடவவே இல்ல. மூணு வருசமா ஒழுவிக்கினு இருந்திருக்கும். எந்த மடையன் மேஸ்திரி ஒட்டனது இத?"

அஞ்சலாட்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இந்த ஈரம் மாமாவால இல்லியா?" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

"மாமா உள்ள வராம போனதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க அவருகிட்ட?"

சொன்னேன். அவள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. சத்தம் போடாமல், அம்மாவாசையின் கையிலிருந்த உளியையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டு வடக்குச் சந்துக்குப் போனாள். பூட்டைத் தட்டித் திறந்து, உள்ளே அண்ணனுடைய பெட்டிமேல் ஏறி நின்று அந்த ஜாலியை உடைத்தாள். பின்னால் அரைக்கல் சுவர் தெரிந்தது. அதையும் உடைத்தாள். கையில் ரத்தம் வந்தது. ஒரு கல் விழுந்ததும் வெளிச்சம் உள்ளே வந்து கதவின்மேல் விழுந்தது. கதவின் உட்பக்கம், அடியில், பூஞ்சையைச் சுரண்டிய கோடுகள் இருந்தன. அவள் இறங்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள்.

அவள் எழுதிக்கொடுத்ததில் பூட்டு ஒன்றுதான் தப்பு. மற்றபடி சரி. அந்த அறையில் ஓர் ஆள் மூச்சு விட முடியாது என்று தெரிந்துதான் கட்டினேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். ஓட்டையை அடைத்தேன். கதவை இழுக்கவில்லை. என் அண்ணன் சின்னக்கண்ணுவை நான்தான் கொன்றேன், ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். அம்மாவாசைக்கு வேலை தெரியாது. அந்த எல்போவிலிருந்து அவ்வளவு ஈரம் வர வாய்ப்பே இல்லை. பாதியாவது அண்ணனுடைய மூச்சுதான். அது அவருக்கே தெரியும். இப்போது உயிரோடு வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்தால், உங்களிடம் அவரே சொல்வார், தப்பெல்லாம் அவர்மேல்தான் என்று.